மோதலை மெதுவாகப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கோலி, கேரம் காய், ரப்பர் பந்து என்று கையில் கிடைப்பதையெல்லாம் மோதவிடுவோம். அதை ஸ்லோ மோஷனில் பிடித்து லேப்டாப்பில் அளந்து பார்ப்போம். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் போதும், ஊட்டியிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு அடித்துக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மோதலைப் படம் பிடிக்க நொடிக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும்?

எந்த மோதல் என்று முதலில் சொல்லுங்கள். டென்னிஸ் பந்து மட்டையில் ஒட்டியிருக்கும் நேரம் 4, 5 மில்லி நொடி. கிரிக்கெட் பந்து மட்டையைத் தொட்டுப் பிரிய ஏறக்குறைய 1 மில்லி நொடி. இரண்டு கண்ணாடிக் கோலிகள் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முட்டினால், தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் 50 மைக்ரோ நொடிதான். ஒரு நொடியை 20,000 துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் 1880-களின் தொடக்கத்தில் போட்ட கணக்கிலிருந்து இது வருகிறது. அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் கொடுத்த அதே ஹெர்ட்ஸ்தான்.

உங்கள் போன் நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் 4 மில்லி நொடிக்கு மேல் இடைவெளி இருக்கும். கோலிகள் தொட்டு, அமுங்கி, விரிந்து, பிரியும் கூத்து முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே எண்பது தடவை நடந்து முடிந்துவிடலாம். அதனால் கோலி மோதலைப் போனில் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் அது பாதிதான் நிஜம். பிடித்தது மோதலுக்கு முந்தியதையும் பிந்தியதையும்.

அப்படியானால் 240 ஃபிரேமை வைத்து என்னதான் செய்வது?

நிறையவே செய்யலாம். பள்ளிப் பாடத்தில் கேட்பதும் முன்னும் பின்னும்தானே? உந்தம் மாறாமல் இருக்கிறதா, இயக்க ஆற்றல் எவ்வளவு குறைந்தது, எந்தக் கோணத்தில் பிரிந்தன என்று பார்க்க மோதும் கணமே தேவையில்லை.

வேகத்தை அளப்பதில் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்து ஃபிரேம் இரண்டை எடுத்துக் கழித்து வேகம் சொல்லாதீர்கள். படத்தில் ஒரு பிக்ஸல் அரை மில்லிமீட்டர் என்றால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் கோலி ஒரு ஃபிரேமுக்கு 8 பிக்ஸல் நகரும். அதில் ஒரு பிக்ஸல் தவறினாலே 12 சதவீதப் பிழை. மோதலுக்கு முன் 20 ஃபிரேம், பின் 20 ஃபிரேம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் வரைபடத்தாளில் குறித்து நேர்க்கோடு போடுங்கள். கோட்டின் சாய்வுதான் வேகம். பிழை ஒரு சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். அப்புறம் ஒரு லாபமும் உண்டு. முன்கோடும் பின்கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்தால், எந்த ஃபிரேமிலும் பதிவாகாத மோதல் நேரம் தானாகக் கிடைக்கும்.

என் போனில் 960 இருக்கிறதே?

எனக்கும் இருந்தது. என் மானத்தையும் அது வாங்கியது.

ரப்பர் பந்தைத் தரையில் விட்டு 960-ல் எடுத்தேன். தரைக்கு ஒரு விரல் உயரத்தில் பந்து மெதுவாகி, தரையைத் தொடாமலே திரும்பி மேலே போனது. காற்றுதான் மெத்தை மாதிரி தாங்குகிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்லிவிட்டேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பெண், "அண்ணா, அப்போ சத்தம் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பார்த்ததில்தான் புரிந்தது. அந்தப் போன் நிஜமாக எடுத்தது நொடிக்கு 240 மட்டும். நடுவில் உள்ள மூன்று மூன்று ஃபிரேமையும் மென்பொருள் தானே வரைந்து நிரப்பியிருக்கிறது. முந்தைய படத்தில் பந்து இறங்குகிறது, அடுத்ததில் ஏறுகிறது. இடையில் தரையைத் தொட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு பந்தை ஒட்டிவிட்டது. ரீல்ஸுக்கு அது அழகு. அளவைக்கு விஷம்.

உங்கள் போனையும் இதே போலச் சோதித்துப் பாருங்கள். துள்ளும் பந்து தரையைத் தொடவே இல்லை என்றாலோ, ஓரத்தில் ஆவி மாதிரி இரட்டைப் பந்து தெரிந்தாலோ அந்த வேகத்தை மறந்துவிட்டு 240-க்குத் திரும்புங்கள். நிஜமாகவே 960 எடுக்கும் போன்களும் உண்டு, ஆனால் அவற்றில் பல ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் பதிவு செய்யும். சரியாக அந்தக் கணத்தில் பொத்தானை அமுக்க வேண்டும்.

கணக்குப் போட்டால் வேகம் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது. ஏன்?

240-ல் எடுத்த கோப்பை 30-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மென்பொருளில் நிஜ ஃபிரேம் வேகத்தைக் கொடுங்கள். சரியாகக் கொடுத்தீர்களா என்று பார்க்க ஒரு பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். நம் மலையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78 என்று வைத்துக்கொண்டால், தரைக்கு வர 0.45 நொடி ஆகும். அதாவது 108 ஃபிரேம். நல்ல எண், மறக்காது.

எந்த வெளிச்சத்தில் எடுப்பது?

வெயிலில். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் வரும் வீடியோக்களில் முக்கால்வாசி வெளிச்சத்தாலேயே கெட்டிருக்கிறது.

ஃபிரேம் வேகம் வேறு, ஷட்டர் வேகம் வேறு. ஒரு ஃபிரேமுக்காக ஒளி உள்ளே விழும் நேரம்தான் ஷட்டர் வேகம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும் கோலியை 1/240 நொடி ஷட்டரில் எடுத்தால், படத்தில் அது 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழுபட்ட புழுவாகத் தெரியும். 1/4000 வைத்தால் இழுப்பு அரை மில்லிமீட்டர்தான். ஆனால் ஷட்டர் அவ்வளவு குறுகினால் உள்ளே போகும் ஒளியும் அதே அளவுக்குக் குறையும். கல்யாண மண்டபத்தில் நான் போடும் விளக்கு முழுவதையும் போட்டாலும் பதினோரு மணி வெயிலுக்கு ஈடாகாது.

வீட்டு விளக்கில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல்பு நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 240 ஃபிரேமில் திருவிழா சீரியல் லைட் மாதிரி தெரியும். கணினிக்கு அதில் குழப்பம் அதிகம். ஒரு ஃபிரேமில் வெள்ளையாக இருந்த தரை அடுத்ததில் சாம்பல் நிறமாக இருந்தால், தரையே நகர்ந்துவிட்டது என்று அது நினைக்கும்.

மத்தியானம் மூடுபனி இறங்கிவிட்டால் கடையைக் கட்டுங்கள்.

வட்டமான பந்து முட்டை மாதிரி சாய்ந்து தெரிகிறது, பந்தில் கோளாறா?

இல்லை. போன் கேமரா படத்தை மொத்தமாக எடுக்காது. வரி வரியாக, மேலிருந்து கீழே வாசிக்கும். இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள். மேல் வரியை வாசித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் பந்து கொஞ்சம் நகர்ந்துவிடும். போனைப் படுக்கை வசமாக வைத்து, மோதும் இரண்டும் ஒரே கிடைக்கோட்டில் ஓடும்படி அமைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். எல்லா வரியையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் கேமரா கிடைத்தால் இந்தக் கவலையே இல்லை.

அளவுகோலை எங்கே வைப்பது?

பந்து ஓடும் அதே தளத்தில். பின்னால் சுவரில் ஒட்டாதீர்கள், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிந்து கணக்கு முழுவதும் கெடும். கேமராவும் நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். கேரம் போர்டு என்றால் நேர் மேலே. நான் போனை ஒரு மூங்கில் கம்பில் கட்டி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் தொங்கவிடுகிறேன். முதல் சோதனைக்குக் கேரம் போர்டைவிட நல்லது கிடையாது. காய் மேலே எழும்பாது, பவுடர் போட்டால் உராய்வு குறைவு, விதிப்படி காயின் எடை 5-லிருந்து 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகாது. எடை போடும் வேலையும் மிச்சம்.

படத்தில் கோலி எங்கே இருக்கிறது என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதற்குக் கோலி என்றால் என்னவென்றே தெரியாது. எண்களின் கட்டம்தான் தெரியும்.

முதலில் ஒன்றுமே இல்லாத வெறும் மேஜையை ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும் அதைக் கழிக்கிறோம். மாறாத இடமெல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும், கோலி இருக்கும் இடம் மட்டும் பெரிய எண்ணாக நிற்கும். இந்த எண்ணுக்கு மேலே இருந்தால் வெள்ளை, கீழே இருந்தால் கருப்பு என்று ஒரு கோடு போட்டதும், கருப்புத் திரையில் வெள்ளைத் திட்டாகக் கோலி நிற்கும். அந்தத் திட்டில் உள்ள பிக்ஸல்களின் சராசரி இடம்தான் மையம். நூற்றுக்கணக்கான பிக்ஸல்களின் சராசரி என்பதால் மையம் ஒரு பிக்ஸலின் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடத் துல்லியமாக வரும். திட்டு சிதைந்து வந்தால், விளிம்புகளை வைத்து வட்டம் தேடும் ஹஃப் முறை இருக்கிறது. எல்லாமே ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பில், பைத்தான் நிரல்மொழியில் சில வரிகள்தான். நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு டிராக்கர் என்ற இலவச மென்பொருள் போதும்.

இதுவரைக்கும் சுலபம். தகராறு மோதும் இடத்தில்தான்.

இரண்டு கோலியும் நெருங்கும்போது இரண்டு திட்டும் ஒட்டி ஒரே திட்டாகிவிடும். இரண்டு ஃபிரேம் கழித்துப் பிரியும்போது எது எது? ஒரே நிறக் கோலி இரண்டை நேருக்கு நேர் உருட்டிய அன்று கணினி தந்த வரைபடத்தில் இரண்டு நேர்க்கோடுகள் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொண்டு போயின. "மோதவே இல்லண்ணா, ஒண்ணுக்குள்ள ஒண்ணு புகுந்து போயிடுச்சு" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தால் அவன் சொன்னதைப் பொய் என்று அந்த வீடியோவை வைத்து நிரூபிக்கவே முடியாது. சம எடையுள்ள இரண்டு, ஆற்றல் வீணாகாமல் நேருக்கு நேர் மோதினால் வேகத்தை மாற்றிக்கொள்ளும். இடப்பக்கம் வந்தது வலப்பக்கத்தின் வேகத்தோடு திரும்பும். ஒரே மாதிரி இருக்கும் கோலிகளில், திரும்பி வந்ததா ஊடுருவிப் போனதா என்று சொல்லும் அடையாளம் படத்தில் எங்கேயும் இல்லை.

மருந்து சின்னதுதான். ஒரு கோலியில் மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள், அல்லது வேறு நிறக் கோலி எடுங்கள். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள். காரின் மேலும் பொம்மை மனிதர் மேலும் நாலாகப் பிரித்த கருப்பு மஞ்சள் வட்டங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு கட்டமும் கூடும் புள்ளியைக் கணினி சந்தேகமில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஏஐ வேண்டாமா?

வெள்ளை மேஜையில் ஒரு சிவப்புக் கோலியைத் தேட ஏஐ வேண்டாம். சந்தைக் கூட்டத்தில் ஒரு பந்தைத் தேட ஏஐ வேண்டும்.

மோதிய கோலி நின்றுவிட்டு, மறுபடி தானாக உருள்கிறது. வீடியோ கெட்டுவிட்டதா?

என்னிடம் வந்ததிலேயே அழகான கேள்வி இது. வீடியோ சரியாகத்தான் இருக்கிறது.

உருளும் கோலிக்கு இரண்டு இயக்கம். முன்னே போவது ஒன்று, சுழல்வது ஒன்று. நின்றிருக்கும் சம எடைக் கோலியை நேராக முட்டும்போது முன்னே போகும் வேகம் ஏறக்குறைய முழுவதும் அதற்குப் போய்விடும். சுழற்சி போகாது, ஏனென்றால் வழுவழுப்பான இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிடிமானம் இல்லை. முட்டியது ஒரு கணம் இருந்த இடத்திலேயே சக்கரம் மாதிரி சுற்றும். அப்புறம் மேஜை அதைப் பிடித்து முன்னே தள்ளும். கணக்குப் போட்டால் கடைசியில் அதற்குப் பழைய வேகத்தில் 7-ல் 2 பங்கு. முட்டு வாங்கியதோ சுழற்சி இல்லாமல் சறுக்கிக் கிளம்பி, மெல்ல உருள ஆரம்பித்து 7-ல் 5 பங்குக்கு இறங்கும். கோலியின் நடுவில் ஒரு கோடு வரைந்து எடுத்தால் அந்தச் சுழற்சி கண்ணுக்கே தெரியும். இங்கே கணினியைவிடக் கண்தான் முந்தும்.

ஸ்னூக்கர் ஆடுகிறவர்களுக்கு இது கைவந்த விஷயம். வெள்ளைப் பந்து முட்டியதும் பின்தொடர்ந்து போக வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று சுழற்சியை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்த விளையாட்டின் விதிகளை நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1882-ல் ஊட்டி கிளப்பில் எழுதி ஒட்டினார் என்பது நம் ஊர்ப் பெருமை. பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான அதே பெயர்க்காரர் வேறு ஆள்.

மீட்சியளிப்பு குணகத்தை வீடியோவில் அளப்பது எப்படி?

வீடியோவை விடுங்கள், காதால் அளக்கலாம். விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் வருவதுதான் இந்தக் குணகம். பந்தைத் தரையில் துள்ளவிட்டு, போனில் ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு 'டொக்'குக்கும் அடுத்த 'டொக்'குக்கும் உள்ள இடைவெளியை எடுங்கள். முதல் இடைவெளி 0.62 நொடி, அடுத்தது 0.53 என்றால் 0.53-ஐ 0.62-ஆல் வகுத்துவிடுங்கள், 0.85. உயரமும் வேண்டாம், புவியீர்ப்பும் வேண்டாம். கேமரா நொடிக்கு 240 தடவை பார்க்கிறது, மைக் நொடிக்கு 48,000 தடவை கேட்கிறது. ஸ்லோ மோஷன் பாடத்தில் இதைச் சொல்வது துரோகம்தான், ஆனால் நிஜம்.

இரும்புக் குண்டு அல்லது கோலியைத் தடித்த கல்லில் துள்ளவிட்டால், வேகம் குறையக் குறையக் குணகம் கொஞ்சம் கூடுவதைப் பார்க்கலாம். பிழை என்று அடித்துவிடாதீர்கள். மெல்லத் தொடும் மோதல்களை ஒளிப்படமாக எடுத்து, வேகம் குறையும்போது குணகம் 1-ஐ நெருங்குகிறது என்று 1918-லேயே ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்கு நோபல் வாங்குவதற்கு 12 வருடம் முன்னால்.

சிசிடிவி பதிவை வைத்து, மோதிய வண்டியின் வேகத்தைச் சொல்ல முடியுமா?

மேட்டுப்பாளையம் சாலையில் கொண்டை ஊசி வளைவு இருக்கும்வரை இந்தக் கேள்வியும் இருக்கும். சுருக்கமான பதில்: ஒரு வரம்பாகச் சொல்லலாம், ஒரே எண்ணாகச் சொல்லக் கூடாது.

கடை வாசல் கேமரா நொடிக்கு 15 ஃபிரேம் எடுக்கிறது என்று வைப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு ஃபிரேமுக்கு 74 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதுவும் ஃபிரேம்கள் சீராக வந்தால். இடத்தை மிச்சப்படுத்த ரெக்கார்டர் நடுவில் சிலவற்றை விழுங்கிவிட்டு, முந்தையதையே திரும்பக் காட்டும் வழக்கம் உண்டு. அகலக் கோண லென்ஸ் ஓரத்தை வளைக்கும். கேமரா சாய்வாகப் பார்ப்பதால் தூரத்து ஒரு மீட்டரும் கிட்டத்து ஒரு மீட்டரும் படத்தில் ஒன்றல்ல. இதைச் சரிசெய்ய, சாலையில் நாலு புள்ளிகளை டேப் வைத்து அளந்து, அவற்றைப் படத்திலும் குறித்து, சாய்ந்த சாலையை மேலிருந்து பார்ப்பது போல விரித்துக்கொள்ள வேண்டும். சாலை தட்டையாக இருந்தால்தான் இது செல்லும். வளைவில் சாலை ஒரு பக்கம் உயர்ந்தும் இருக்கும், ஏற்றமாகவும் இருக்கும், அப்போது நாலு புள்ளி போதாது.

நாங்கள் இந்த வேலையை எடுப்பதில்லை. ஒருமுறை உறவினர் ஒருவருக்காக முயன்றேன். 28-லிருந்து 45 வரை எந்த வேகமும் பொருந்தியது. அதைக் கேட்டதும் இரு தரப்புக்கும் என்மேல் கோபம்.

பெரிய கேமராக்களில் எவ்வளவு வேகம் வரை எடுக்கிறார்கள்?

கார் மோதல் சோதனைகளில் பொதுவாக நொடிக்கு 1,000. கார் நசுங்கி முடிய ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும், அதற்கு இது தாராளம். ஆய்வுக்கூடக் கேமராக்கள் லட்சக்கணக்கில் போகும், படத்தின் அளவைத் தபால்தலை மாதிரி சுருக்கிக்கொண்டு.

ஆனால் வேகமான கேமரா இல்லாமலும் ஒரு கணத்தைப் பிடிக்கலாம். அமெரிக்காவில் எட்ஜர்ட்டன் என்ற பொறியாளர் செய்தது அதுதான். அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்து, சரியான கணத்தில் மைக்ரோ நொடிக் கணக்கில் மின்னி மறையும் ஒரு விளக்கைப் போட்டார். துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்துப் போகும் படம் அப்படி வந்தது. அவர் காலத்தில் எல்லாம் ஃபிலிம். ஃபிலிம் என்றதும் எனக்கு ஊட்டி இந்து நகர்தான் ஞாபகம் வரும். 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. நான் தொழில் கற்றுக்கொண்ட ஸ்டுடியோவில் அவர்களுடைய 'இந்து' ஃபிலிம் பெட்டிகள் ஆணி போடவும் ரசீது போடவும் பயன்பட்டன.

தேயிலை மேல் மழைத்துளி விழுவதை எடுக்கலாமா?

பெரிய துளி நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும். 240-ல் ஒரு ஃபிரேமுக்கு 37 மில்லிமீட்டர், மழை வெளிச்சத்தில் ஷட்டரைக் குறுக்கவும் முடியாது, அதனால் துளி ஒரு கோடாகத்தான் தெரியும். இலையைப் பாருங்கள். துளி விழுந்ததும் கொழுந்து குனிந்து, நிமிர்ந்து, பல தடவை ஆடி அடங்கும். அந்த ஆட்டம் 240-க்கு அழகாகச் சிக்கும். இலை நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டிவிட்டால் கணினியும் பின்தொடரும். துளியையே பார்க்க வேண்டுமென்றால் மழையை நம்பாமல், இங்க் ஃபில்லரில் பால் எடுத்து ஒரு சாண் உயரத்திலிருந்து வெயிலில் விடுங்கள். மழையில்தான் எடுப்பேன் என்றால் போனுக்கு ஒரு குடை, பிடிக்க ஒரு ஆள். குடையிலிருந்து சொட்டும் தண்ணீரையும் கணினி மழை என்றே எண்ணும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.